காமன் கூத்துக்கு ஆடிய பாலம்

அந்தக் காலத்தில் எங்கள் இலங்கை மலைநாட்டு ஹட்டன் கடைத்தெருவில் இஞ்சினியர் என்றால் மீசை இருக்க வேண்டும், தொப்பி இருக்க வேண்டும், ஜீப்பை விட்டு இறங்கும்போது யாரையாவது திட்டிக்கொண்டே இறங்க வேண்டும். எங்கள் பாப்பாவிடம் இதில் எதுவும் இல்லை. ஒரு கறுப்புக் குடை இருந்தது. ரப்பர் பூட்ஸ் ஒரு சோடி இருந்தது, அதுவும் காலுக்குப் பெரிது. அப்புறம் நான் இருந்தேன்.

பாப்பா என்றதும் தொட்டில் பிள்ளை என்று நினைக்க வேண்டாம். கடைத்தெருவில் பலசரக்குக் கடை வைத்திருந்த முதலாளியின் ஒரே மகள். நான் அந்த வீட்டு அடுப்படி வேலைக்குச் சேர்ந்தபோது இரட்டைச் சடை போட்டுக்கொண்டு, சவர்க்காரப் பெட்டிகளை முற்றத்தில் அடுக்கி, மேலே ஒரு பலகையைப் போட்டு, பூனையை நடக்கவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தது. பூனை நடந்தால் நல்ல பாலம். நடக்காவிட்டால் கெட்ட பூனை. பிறகு இந்தியாவுக்குப் போய் பாலம் கட்டுகிற படிப்பையே படித்துவிட்டு வந்தது. பட்டம் வாங்கி வந்த பிறகும் எனக்கு அது பாப்பாதான்.

என் கதை சின்னது. டிக்கோயா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலியாட்களின் வரிசை வீடுகளில் ஒன்றில், பிறந்தேன். தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ‘அ’னாவில் ஏறி, ‘ஔ’வன்னா வருவதற்குள் இறங்கி, கொழுந்துக் கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டேன். புருஷன் சீக்கிரமாகப் போய்ச் சேர்ந்தார். அவருக்கு எதிலும் அவசரம். அதன் பிறகு டவுனுக்கு வந்து முதலாளி வீட்டில் சோறாக்கினேன்.

பாப்பாவுக்கு ஆபீசில் வேலை கிடைத்தது. மலைப்பக்கம் ரோடும் பாலமும் போடுகிற ஒரு ஆபீஸ். முதலாளியம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

“ஆம்பளைங்க நெறஞ்ச எடத்துல வயசுப் புள்ள தனியா ஒக்காருறதா? கடத்தெரு என்ன பேசும்?” என்று சொல்லிக்கொண்டே என்னைப் பார்த்தார். “நீயும் கூடப் போ.”

“போயி என்னங்கம்மா செய்ய?”

“சும்மா இரு. அது போதும்.”

சும்மா இருப்பதற்குச் சம்பளம் வாங்கியவர்கள் அந்த ஆபீசில் வேறு சிலரும் இருந்தார்கள். ஆனால் அதுதான் என் வேலை என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டு சும்மா இருந்தவள் நான் ஒருத்திதான். வராந்தாவில் பியூனுக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சு. மடியில் சாப்பாட்டுக் கேரியர். கதவு திறந்திருந்தால் பாப்பாவின் முதுகு தெரியும். மூடியிருந்தால் பியூன் தெரிவார். பாப்பாவின் முதுகே மேல்.

அந்த முதுகு நாள் முழுக்கக் குனிந்தே இருக்கும். உள்ளே இருந்த மற்ற இஞ்சினியர்கள் பாலத்தைப் பென்சிலால் காகிதத்தில் போடுவார்கள். அதைக் கஞ்சி போட்டு வழவழவென்றிருக்கும் ஒரு மெல்லிய துணியின் அடியில் வைத்து, மேலே கறுப்பு மையால் அப்படியே நகல் எடுக்க வேண்டும். அந்த நகல் வேலைதான் பாப்பாவுக்கு. இந்தியா வரைக்கும் போய்ப் படித்தது, அடுத்தவர் போட்ட கோட்டின் மேல் கோடு போட. மை சிந்திக் கெட்டுப்போன துணியைப் பாப்பா எனக்குத் தரும். வெந்நீரில் ஊறவைத்துக் கஞ்சியைக் கழுவிவிட்டால் அப்படி ஒரு மல் துணி, கடையில் கிடைக்காது. நான் அதில் ரவிக்கை தைத்துப் போட்டுக்கொண்டேன். மை மட்டும் முழுக்கப் போகாது. ரொம்ப நாள் என் முதுகில் ஏதோ ஒரு ஊருக்குப் போக வேண்டிய பாலத்தின் பாதி இருந்தது. பஸ்ஸில் பின்னால் உட்கார்ந்தவர்கள் என் முதுகையே பார்த்துக்கொண்டு வந்தார்கள். எனக்கு அந்த வயதில் அது சந்தோஷமாகத்தான் இருந்தது.

ஆபீசுக்குத் தலைவர் பெரிய இஞ்சினியர். சிங்களவர். தமிழும் பேசுவார். நல்ல மனுஷன், குரலை உயர்த்த மாட்டார். பாப்பா அடிக்கடி அவர் முன்னால் போய் நிற்கும்.

“சார், எனக்கு ஒரு பாலம் குடுங்க. சின்னதா இருந்தாலும் பரவாயில்ல. நானே டிசைன் பண்றேன்.”

“மிஸ், உங்க கையில வர்ற கோடு இந்த ஆபீஸ்ல யாருக்கும் வராது,” என்பார் அவர். “உங்கள அந்த மேசையில இருந்து எடுத்தா நான் எங்க போவேன்?”

மருமகளின் ரசத்தைப் புகழ்ந்து புகழ்ந்தே அவளை அடுப்படியை விட்டு வெளியே வரவிடாத மாமியார்களை நான் பார்த்திருக்கிறேன். மீசை வைத்த மாமியாரை அங்கேதான் பார்த்தேன்.

கடைசியில் யாருக்கும் வேண்டாத ஒரு பாலம் வந்தது. அதுவும் நான் பிறந்த தோட்டத்துக்கே. கீழ் டிவிசன் லயங்களுக்கும் தேயிலை அரைக்கிற ஸ்டோருக்கும் நடுவில் ஒரு ஆறு. வெயில் காலத்தில் கல் மேல் கால் வைத்துத் தாண்டிவிடலாம். மழை பிடித்துவிட்டால் பெண்கள் கொழுந்து மூட்டையோடு மலையைச் சுற்றிக்கொண்டு போக வேண்டும். தாமதமாக வந்தால் கணக்கப்பிள்ளை அரைப்பேர் போடுவார், அதாவது அரைநாள் சம்பளம்தான். அங்கே ஒரு நடைபாலம் வேண்டும் என்று ரொம்ப வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். சரிவு, சேறு, அட்டைக்கடி. எந்த இஞ்சினியரும் போக விரும்பவில்லை. பெரிய இஞ்சினியர் பாப்பாவைக் கூப்பிட்டார்.

“இது சரியா வந்தா டிசைன் மேசை உங்களுக்கு. வரலன்னா திரும்ப அந்தத் துணிதான். அப்புறம் என்கிட்ட கேக்கக் கூடாது.”

அவர் முடிப்பதற்குள் பாப்பா சரி என்றுவிட்டது.

முதல் நாள் நாங்கள் இரண்டு பேரும் ஆற்றங்கரையில் போய் நின்றபோது பெரிய கங்காணி தலைப்பாகையை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். வயதில் மூத்தவள், உடம்பும் கொஞ்சம் பெரியது, முதுகில் வேறு பாலம்.

“வாங்கம்மா, இஞ்சினியர் அம்மா. எங்க மொத கல்லு வைக்கப் போறீங்க?”

“மாமா, என்னத் தெரியல? மேட்டு லயத்துப் பொண்ணு. ஒங்க வீட்டுக் கொய்யாவுல பாதி நான் தின்னதுதான்.”

கங்காணி தலைப்பாகையைத் திரும்பக் கட்டிக்கொண்டார். “அப்ப இஞ்சினியரு எங்க?”

நான் பாப்பாவைக் காட்டினேன். பாப்பா அப்போது ஒரு பூட்ஸ் சேற்றில் மாட்டிக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றது. கங்காணி ரொம்ப நேரம் பார்த்தார். “சரி. இஞ்சினியரு வரட்டும்,” என்றார்.

கொழுந்து எடுக்கிற பெண்கள் அவரைவிட மேல். இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு எல்லோரும் வேடிக்கை பார்க்க வந்துவிட்டார்கள்.

“தொரச்சாணியம்மா, பாலத்த நீங்களா கட்டுவீங்க?” என்றாள் என் அத்தை மகள். நாக்குக்கு எலும்பில்லாதவள்.

“கட்டுறது மேசன் ஆளுங்க. நான் கணக்குப் போடுவேன்.”

“கணக்கா? எங்க கணக்கப்பிள்ளையும் தெனம் கணக்குத்தான் போடுறாரு. எங்களுக்கு அரப்பேருதான் வருது. ஒங்க கணக்குல பாலம் பாதி ஆத்தோட நின்னுறாதுங்களே?”

பாப்பா சிரித்தது. அடுத்த வாரம் அதற்குப் பழி வாங்கியது. பாலத்தின் மேல் எவ்வளவு பாரம் ஏறும் என்று தெரிய வேண்டும், கூடையோடு ஆட்களை நிறுக்கணும் என்று கொழுந்துத் தராசுப் பக்கம் வரச் சொன்னது. தோட்டத்துக் கொழுந்துத் தராசு தொங்குகிற தராசு. கொக்கியில் சாக்கைத் தொட்டில் மாதிரிக் கட்டி, ஒவ்வொருத்தியாக உட்காரவைத்துத் தூக்கினார்கள்.

“ஆகக் கனமான ஆளு யாரோ, அவங்க கணக்குத்தான் எனக்கு வேணும்,” என்றது பாப்பா.

தடித்தவள் ஒருத்தியும் வர மாட்டேன் என்கிறாள். மெலிந்தவர்கள் எல்லாம் முந்திக்கொண்டு வந்தார்கள். கடைசியில் என் அத்தை மகளைப் பிடித்து ஏற்றினார்கள். தராசு முள் போன இடத்தைப் பார்த்துக் கணக்கப்பிள்ளை, “ஆறு கூடைக் கொழுந்துக்குச் சரி,” என்று சத்தமாகச் சொன்னார். அன்றைக்கு முழுக்க அவள் என்னோடு பேசவில்லை. ஏறச் சொன்னது நான்தான் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். யார் சொன்னது என்று எனக்குத் தெரியாது, நான் சொல்லவில்லை.

பாப்பா போட்ட பாலம் தொங்குபாலம். மலை மேலிருந்து கொழுந்து மூட்டையைக் கம்பியில் மாட்டிக் கீழே ஸ்டோருக்கு அனுப்புவார்கள், பார்த்திருப்பீர்கள். அந்த மாதிரி இரும்புக் கம்பிக் கயிறுகளை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு இழுத்துக் கட்டி, அதில் பலகை அடுக்கி, பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கயிறு. ஆற்றுக்குள் தூண் கிடையாது, அதனால் வெள்ளம் வந்தாலும் அடித்துக்கொண்டு போகாது. பாப்பா பென்சிலால் போட்டதைப் பாப்பாவே துணியில் நகல் எடுத்தது. அதில் ஒரு சொட்டு மை சிந்தவில்லை. எனக்கு அந்த வருஷம் ரவிக்கைக்குத் துணி இல்லை.

மாசி மாதம் பாலம் முடிந்தது. எங்கள் தோட்டத்து ஆட்களுக்கு, இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று சொல்லி, அப்போது ஓட்டு இல்லை. அதனால் திறந்து வைக்க மந்திரி யாரும் வரவில்லை, பேச்சும் இல்லை. நேரே பூசையில் ஆரம்பித்துவிட்டோம். வெள்ளிக்கிழமை காலையில் பெரிய இஞ்சினியர் ஜீப்பில் வந்து இறங்கினார். தேங்காய் உடைத்தார்கள். கூடை நிறையக் கொழுந்தோடு பெண்கள் வரிசையாக நின்றார்கள். பாப்பா, “அவசரப்படாம நடங்க, ஆளுக்கு ஆள் எடம் விட்டு,” என்று சொல்லிச் சொல்லிப் பார்த்தது.

தப்பு அடிக்கிற மாமாவும் வந்திருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட வேண்டியதும் இல்லை. தோட்டத்தில் விடியற்காலையில், ஆட்களை வரிசையில் நிறுத்திப் பேர் பதிகிற பெரட்டுக்கு எழுப்புவது அவருடைய தப்பு. கல்யாணம், திருவிழா, சாவு எல்லாவற்றுக்கும் அவர்தான். நெருப்பில் தோலைக் காய்ச்சி, தட்டிப் பார்த்து, பெண்கள் பாலத்தில் கால் வைத்ததும் அடிக்க ஆரம்பித்தார்.

முதலில் எல்லாம் நன்றாக இருந்தது. வரிசை நடுப்பாலத்துக்குப் போனபோது மாமாவுக்குக் குஷி வந்து அடியை மாற்றினார். மாசி மாதம் தோட்டத்தில் காமன் கூத்து நடக்கும் மாதம், ரதியும் மன்மதனும் வேஷம் கட்டி விடிய விடிய ஆடுவார்கள். அந்த அடி. அந்த அடியைக் கேட்டால் எங்கள் ஆட்களுக்குக் கால் தன்பாட்டில் போகும். முன்னால் போனவள் கால் வைக்க, பின்னால் வந்தவளும் அதே நேரத்தில் வைக்க, வரிசை முழுக்க ஒரே கால் மாதிரி விழுந்தது. பாலம் மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது. பிறகு மறுபக்கம். பிறகு தொட்டில் மாதிரி ஆட ஆரம்பித்தது. கூடைகள் கவிழ்ந்து கொழுந்து எல்லாம் ஆற்றில் போனது. முன்னால் கம்பீரமாகப் போன கங்காணி குப்புறப் படுத்துப் பலகையைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அவருடைய தலைப்பாகை மட்டும் பாலத்தின் உதவி இல்லாமல் ஆற்றோடு போய்ச் சேர்ந்தது. யாருக்கும் காயமில்லை. என் அத்தை மகள் பயத்தில் சிரித்துச் சிரித்து அழுதுவிட்டாள்.

பெரிய இஞ்சினியர் இரண்டு முனையிலும் கயிறு கட்டி வழியை அடைத்தார்.

“மிஸ், திங்கட்கிழமை பலகை கழட்ட ஆள் வரும். தப்பா நினைக்க வேண்டாம். நீங்க நல்லா கோடு போடுவீங்க,” என்றார். பாப்பா குடையை எடுத்துக்கொண்டு கரையை விட்டு ஏறியது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருக்கும். புகழ்ந்ததைத்தான் தாங்க முடியவில்லை.

அன்று கங்காணி வீட்டில் தங்கினோம். பாப்பா சாப்பிடவில்லை. பாலம் ஏன் ஆடியது என்று கேட்டுக்கொண்டே இருந்தது. ஆளுக்கு ஒரு காரணம் வைத்திருந்தார்கள். ஆற்றங்கரை முனிக்குச் சேவல் அறுக்கவில்லை என்றாள் கங்காணி மனைவி. கண்ணேறு என்றார் கணக்கப்பிள்ளை. என் அத்தை மகளை ஏற்றியது தப்பு என்று சொன்னவர்களும் உண்டு. பாப்பா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு தன் கணக்கை மறுபடி பார்த்தது. பாரத்தில் பிழை இல்லை. இன்னும் அத்தனை பேர் ஏறினாலும் கயிறு தாங்கும்.

மறுநாள் முழுக்க ஆற்றங்கரையில் உட்கார்ந்திருந்தது. சாயந்திரம் நான் சோறு கொண்டுபோனபோது பாப்பாவின் விரல் குடைப்பிடியில் தட்டிக்கொண்டிருந்தது. ஒரே தட்டு, திரும்பத் திரும்ப.

“அக்கா,” என்றது, “அவங்க ஏறுனப்ப ஆடல. மேளம் மாறுனப்பதான் ஆடுச்சு.” அப்புறம் அந்தச் சோற்றைச் சாப்பிட்டது. அதோடு என் பங்கையும்.

ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்தில் பெரட்டு இல்லை, ஆட்கள் சும்மா இருக்கிற நாள். பாப்பா தப்பு மாமாவை ஆற்றங்கரைக்கு வரச் சொன்னது. அடைப்புக் கயிற்றைத் தானே அவிழ்த்துவிட்டு, நடப்பதற்குக் கூடை இல்லாமல் கொஞ்சம் பெண்களையும் கூப்பிட்டது, கைப்பிடிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டே நடக்க வேண்டும் என்று சொல்லி.

“மாமா, ஒங்களுக்குத் தெரிஞ்ச எல்லா அடியும் ஒவ்வொண்ணா எனக்கு வேணும். பெரட்டு, கல்யாணம், சாமி, சாவு, காமன் கூத்து. எந்த அடிக்கு பாலம் ஆடுது, எதுக்கு ஆடலன்னு பாக்கணும்.”

“மத்ததெல்லாம் அடிக்கிறேம்மா. சாவு மேளம் மட்டும் முடியாது.”

“ஏன்?”

“பொணம் எங்க?”

“பொணம் இல்ல மாமா, சும்மா பாக்குறதுக்குத்தானே?”

“சும்மா எப்படி அடிக்கிறது? பொணம் இல்லாம அடிச்சா, அது பொணத்தத் தேடிக்கிட்டு வரும். அந்தப் பாவம் எனக்கு வேணாம்.”

பாப்பா விடவில்லை. “சுடுகாடு அக்கரையில இருக்கு. நாளைக்கு யாராவது செத்தா பாடையத் தூக்கிக்கிட்டு இந்தப் பாலத்துலதானே போவீங்க? அப்ப ஆடுனா என்ன செய்வீங்க?”

மாமா யோசித்தார். நியாயம் இருந்தது. ஆனால் பிணம் இல்லை. இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். திங்கட்கிழமை பலகை கழற்ற ஆள் வருவார்கள். எனக்குப் பொறுக்கவில்லை.

“பொணந்தானே வேணும்? நான் படுக்குறேன்.”

“அடியே, வெளையாட்டா?”

“பின்ன? நெசமாவா சாகச் சொல்றீங்க? ஒரு வேட்டி குடுங்க மாமா, போத்திக்க.”

மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார். “ஒனக்கு அடிக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஆசைதான் மருமகளே,” என்றார்.

பெரட்டு, கல்யாணம், சாமி மூன்று அடியையும் முதலில் பார்த்து முடித்தோம். பிறகு பாலத்து முனையில் படங்கை விரித்து நான் நீட்டிப் படுத்தேன். வெள்ளை வேட்டியைப் போர்த்தி, கால் கட்டைவிரல் இரண்டையும் சேர்த்துக் கட்டினார்கள். அந்தக் கட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பிணம் பேசக் கூடாது. மாமா சாவு மேளத்தை ஆரம்பித்தார். மேளம் கேட்டால் எங்கள் பெண்களுக்குக் கை சும்மா இருக்காது, வாயும் இருக்காது. கரையில் நின்றவர்கள் என்னைச் சுற்றி உட்கார்ந்து மாரடிக்க ஆரம்பித்தார்கள். முன்வரிசையில் என் அத்தை மகள். தராசுக் கணக்கை அவள் மறக்கவில்லை.

“டவுனுச் சோறு தின்னு தடிச்சுப் போனவளே – ஒன்னத்
தூக்க நாலு பேரு தோட்டத்துல இல்லையே.
கொய்யா மரத்துக்கு இனிமேலு காவலில்ல – எங்க
கோழிக் கூட்டுக்கு ஒன்னால பயமில்ல.”

வேட்டிக்குள்ளே என் வயிறு குலுங்கியது.

“பொணம் சிரிச்சா மேளத்த நிப்பாட்டிருவேன்,” என்றார் மாமா.

பாலத்தின் மேல் பெண்கள் மெதுவாக நடந்தார்கள். பாலம் அசையவில்லை. பாப்பா கரையில் குந்தி உட்கார்ந்து பலகையின் அடியையே பார்த்துக்கொண்டிருந்தது. பெரட்டு அடிக்கு லேசாக அசைந்ததாம், கல்யாண அடிக்கும் சாமி அடிக்கும் இல்லையாம், இதற்கும் இல்லையாம் என்று ஏதோ முணுமுணுத்தது.

மலைக்கு மேலே பெரிய ரோடு போகிறது. அந்த நேரம் பார்த்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் யாரையோ பார்த்துவிட்டு பெரிய இஞ்சினியர் அந்த ரோட்டில் திரும்பி வந்துகொண்டிருந்தார். பாலத்துப் பக்கமிருந்து சாவு மேளம். ஜீப்பை நிறுத்திக் கீழே எட்டிப் பார்த்திருக்கிறார். பாலத்து முனையில் வெள்ளை போர்த்தி ஒரு உடம்பு, சுற்றிலும் பெண்கள் மாரடிக்கிறார்கள்.

தேயிலைச் செடிகளுக்கு நடுவில் அந்தக் கனத்த மனுஷர் எப்படி ஓடி வந்தார் என்று நான் பார்க்கவில்லை. கண்ணை மூடியிருந்தேன். மூச்சிரைப்பு மட்டும் பக்கத்தில் கேட்டது. பெரிய மனுஷர் ஒருவர் துக்கத்துக்கு வந்திருக்கிறார் என்று மாமா இன்னும் பலமாக அடித்தார். ஒப்பாரியும் ஏறியது. இந்த இரைச்சலில் பாப்பா திரும்பிப் பார்க்கவே இல்லை.

“விழுந்ததா?” என்று அவர் குரல் கேட்டது. “பாலத்துல இருந்தா? கயிறு கட்டித்தானே போனேன். யாரு? யாரு செத்தது?”

ஒப்பாரி நிற்கவில்லை. இமையை லேசாகத் தூக்கினேன், அவர் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொள்வது வேட்டியின் நெசவு வழியாகத் தெரிந்தது.  எனக்குப் பாவமாகிவிட்டது. வேட்டியை மூக்கு வரைக்கும் இறக்கி ஒரு கண்ணை முழுக்கத் திறந்தேன்.

“இன்னும் இல்லைங்க ஐயா,” என்றேன்.

அவர் அப்படியே ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். பின்னாலேயே ஓடி வந்த டிரைவர் என்னைப் பார்த்ததும் வந்த வழியே திரும்பி ஓடி, ஜீப்புக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டார்.

மூச்சு திரும்பியதும் பெரிய இஞ்சினியர் திட்ட ஆரம்பித்தார். அன்றைக்குத்தான் முதல்முறை அவர் குரல் உயரக் கேட்டேன். முழுக்க இங்கிலீஷ். எனக்கு இங்கிலீஷ் தெரியாதது எவ்வளவு நிம்மதி என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டேன். பாப்பா குடையை ஊன்றிக்கொண்டு கேட்டது. அவர் மூச்சு வாங்க நிறுத்தியதும், “இன்னும் ஒரு அடிதான் சார் பாக்கி. அதையும் பாத்துட்டு மீதியத் திட்டுங்க,” என்றது. மாமாவைப் பார்த்துத் தலையை ஆட்டியது.

மாமா காமன் கூத்தை எடுத்தார். பாலத்தில் பெண்கள் நடந்தார்கள். கொஞ்ச நேரத்தில் பாலம் இந்தப் பக்கம், அந்தப் பக்கம் என்று கிளம்பியது. பாப்பா குடையை உயர்த்தியது, மேளம் நின்றது. பெண்கள் நடந்துகொண்டே இருந்தார்கள், அவரவர் கால் அவரவர் போக்கில். பாலம் மெல்ல அடங்கியது. பாப்பா குடையை இறக்கியது, மேளம் கிளம்பியது, பாலம் மறுபடி ஆடியது. பெரிய இஞ்சினியர் கல்லை விட்டு எழுந்து பாலத்துக்குப் பக்கத்தில் போனார்.

“எடை இல்ல சார். கால்தான்,” என்றது பாப்பா. “எல்லாக் காலும் ஒண்ணா விழுது. ஊஞ்சல சரியான நேரம் பாத்துத் தள்ளுற மாதிரி. காத்துக்கு ஆடுமான்னு நான் கணக்குப் பாத்தேன். மேளத்துக்கு ஆடுமான்னு பாக்கல.”

“அப்ப ஒரு போர்டு போடலாம். பாலத்து மேல மேளம் கூடாதுன்னு.”

“தாராளமா போடுங்க ஐயா,” என்றார் மாமா. “எனக்குப் படிக்கத் தெரியாது.”

பாப்பா தலையை ஆட்டியது. “மேளம் நிக்காது சார். இவங்க பொறந்தாலும் மேளம், செத்தாலும் மேளம். சாகலன்னாலும் மேளம், பாத்தீங்கல்ல. பாலந்தான் திருந்தணும்.”

குடை நுனியால் ஈர மண்ணில் கோடு கிழித்தது. பாலத்துக்கு அடியிலிருந்து மேல்பக்கப் பாறைக்கும் கீழ்பக்கப் பாறைக்கும் சாய்வாகக் கயிறுகள். சண்டித்தனம் பண்ணுகிற மாட்டை இரண்டு பக்கமும் கயிறு போட்டு இழுத்துப் பிடிப்போமே, அப்படி. பெரிய இஞ்சினியர் குனிந்து பார்த்தார். காலால் ஒரு கோட்டை அழித்தார். பாப்பா அதைத் திரும்பப் போட்டது. அவர் ஏதோ கேட்டார், பாப்பா பாறையைக் காட்டியது. அவர் இல்லை என்றார், பாப்பா ஆமாம் என்றது. நேரம் போகப் போக இரண்டு பேரும் இங்கிலீஷில் கடுமையாகச் சண்டை போட்டார்கள். பாப்பாவின் கோடு நன்றாக இருக்கிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் வேட்டிக்குள் இருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். இத்தனை வருஷத்தில் அவர் பாப்பாவோடு சண்டை போட்டது அதுதான் முதல் தடவை. எனக்குக் கண் கலங்கியது. கால் கட்டைவிரலை யாரும் அவிழ்த்துவிடாததும் ஒரு காரணம்.

“திங்கட்கிழமை பலகை கழட்ட வேணாம்,” என்றார் கடைசியில். “மழைக்கு முன்னால கயிறு கட்டி முடிங்க. முடிச்சதும் நான் வர்றேன். வந்து பாத்துத்தான் சொல்வேன்.”

மழை மூட்டம் போட்டுக்கொண்டிருந்த ஒரு காலையில் வந்தார். புதுக் கயிறுகள் பாலத்தை இரண்டு பக்கமும் பிடித்திருந்தன. நிறைந்த கூடைகளோடு பெண்கள் நின்றார்கள். கங்காணி புதுத் தலைப்பாகை கட்டியிருந்தார், அதைத் தாடைக்குக் கீழே ஒரு நாடாவால் முடிந்திருந்தார். பெரிய இஞ்சினியர் யாரிடமும் சொல்லாமல் நேரே போய் நடுப்பாலத்தில் நின்று இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்.

“அடிங்க,” என்றார்.

பாப்பா கரையில் நின்றது.  நான் அதன் கையைப் பிடித்தேன், ஐஸ் மாதிரி இருந்தது. மாமா காமன் கூத்தை எடுத்தார். வரிசை முழுக்க ஒரே காலாக விழுந்தது, கொழுந்துக் கூடைகள் ஒன்றாகக் குலுங்கின. பெரிய இஞ்சினியருக்கு முன்னாலும் பின்னாலும் பெண்கள் கூத்தாடிக்கொண்டே போனார்கள். மாமா தனக்குத் தெரிந்ததை எல்லாம் அடித்தார், தெரியாததையும் அடித்தார். பாலம் நின்றது. பெரிய இஞ்சினியர் முதலில் ஒரு கையை விட்டார். பிறகு மற்றதையும் விட்டார்.

“என்னம்மா இது, ஆடவே மாட்டேங்குது,” என்றாள் என் அத்தை மகள் அக்கரையிலிருந்து. “போனவாட்டிதான் நல்லா இருந்துச்சு.”

பெரிய இஞ்சினியர் கரைக்கு வந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டார்.

“மிஸ், நாளைக்கு ஜன்னல் பக்கத்து டிசைன் மேசைக்கு மாறிடுங்க. கொத்மலைப் பக்கம் ஒரு பாலம் கிடக்கு. கஷ்டமான எடம்.”

பாப்பா துள்ளிக் குதிக்கும் என்று நான் நினைத்தேன். தலையை மட்டும் ஆட்டியது. அப்புறம் என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றது. என் ரவிக்கை நனைந்தது.

எங்களை ஜீப்பிலேயே ஹட்டனுக்குக் கூட்டிக்கொண்டு போனார். டிரைவர் என்னைப் பக்கத்தில் உட்காரவிடவில்லை, பின்னால்தான் ஏறினேன். அவர் கொத்மலை ஆள். ரோட்டுக்கு வந்து கொஞ்ச தூரம் போனதும் பாப்பா முன்னால் சாய்ந்து அவரிடம் சிங்களத்தில் கேட்டது, உங்கள் ஊர் விகாரையின் பெரஹரா ஊர்வலத்துக்கு என்ன மேளம் அடிப்பீர்கள் என்று. அவர் பெரிய இஞ்சினியரை ஒரு தடவை பார்த்தார். பிறகு கூச்சத்தோடு ஸ்டியரிங்கில் விரலால் தட்டிக் காட்டினார். பாப்பா கண்ணை மூடிக்கொண்டு, அந்தப் பெரிய பூட்ஸால் ஜீப்பின் தரையில் அதற்கு நடந்து பார்த்தது.

“இன்னொரு தடவ,” என்றது.

டிரைவர் தட்டினார். பெரிய இஞ்சினியர் ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் குனிந்து பார்த்தேன். அவருடைய பூட்ஸும் லேசாக அசைந்துகொண்டிருந்தது.